அடைமழைக்கு முன் ஒரு கன்றுப் பட்டி: கொட்டகை மூலையில் செய்த வேலை

செட்டிநாட்டில் கன்றுக்குக் குளிருமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சித்திரையில் காரைக்குடி வந்து போனவர்கள். வெப்பமானிக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். பிறந்த கன்று உடம்பு உலர்ந்து, காற்றுப் படாமல், காய்ந்த தரையில் படுத்திருந்தால் 10, 15 டிகிரி வரை சமாளித்துவிடும். ஒரு மாதம் ஆன கன்று இன்னும் நன்றாகவே தாங்கும்.

ஆனால் உலர்ந்த உடம்பு, காற்றுப் படாத இடம், காய்ந்த தரை என்ற மூன்றில் ஒன்றாவது ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கொட்டகையில் உண்டா? கன்று பிறக்கும்போதே நனைந்துதான் பிறக்கிறது. தரை சிமெண்ட். வடக்கே இருந்து ஊதக்காற்று. போன மழைக்காலத்தில் பிறந்த கிடாரிக்கன்று முதல் வாரமே சளி பிடித்து, அது தேறுவதற்குள் தை பிறந்துவிட்டது. பிழைத்துக்கொண்டது, ஆனால் கூடப் பிறந்த பருவத்துக் கன்றுகளோடு நிறுத்தினால் இன்றைக்கும் ஒரு சுற்றுக் குறைவு. இந்த வருடம் இன்னொரு ஜெர்சி கலப்புப் பசு கார்த்திகையில் ஈனும் கணக்கு. அதனால் புரட்டாசியிலேயே கொட்டகையின் ஒரு மூலையில் கை வைத்தேன்.

வேலைக்குள் போகும் முன் கன்றின் உடம்புச் சங்கதி கொஞ்சம். பெரிய மாட்டுக்குத் தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதே சூடு கிடைத்துவிடும். மழையில் நின்றாலும் அசைபோட்டுக்கொண்டே நிற்கும். கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலைக்கு வரவில்லை. சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரிப்பது, இல்லையென்றால் நடுங்குவது, இந்த இரண்டுதான் அதற்குத் தெரிந்த வழி. அந்தக் கொழுப்பும் கொஞ்சம்தான். சீம்பால் உள்ளே போகவில்லை என்றால் ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. உடம்பு சின்னது, எடைக்குத் தோல் பரப்பு அதிகம், ஆக இழப்பும் அதிகம். இதில் ஈரம் சேர்ந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ரோமத்தில் அரை லிட்டர் ஈரம் இருந்தால், அதைக் கன்றே தன் சூட்டில் உலர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டோமானால், கிட்டத்தட்ட அரை லிட்டர் பாலின் சக்தி அதற்கே போய்விடும். ஒரு கோணிச்சாக்கால் துடைத்துவிட்டால் அவ்வளவும் மிச்சம்.

முதலில் கூரை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பழைய கீற்றுக் கூரையைத் தூக்கிப் போனது. அதற்குப் பிறகு போட்டது கால்வனைஸ்டு தகரம். காற்றுக்கு நிற்கிறது, ஒழுகவில்லை. ஆனால் மழை விட்டு வானம் வெளுத்த ராத்திரிகளில், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டும். ஒழுகுகிறது என்று ஆணித்துளைகளுக்கெல்லாம் எம்சீல் வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. அது மழைத்தண்ணீர் இல்லை, மாடுகள் விடும் மூச்சு. தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகரம் சூட்டை மேலே இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மூச்சில் இருக்கும் ஈரம் அதில் பட்டு நீராகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கினேன். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது ஆகாது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் ரகம் வேண்டும். இன்னொரு விஷயம், பளபளப்பான தகரத்தில் நேராகப் பிடித்தால் அது தப்பாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, டேப் தகரத்தோடு குளிரக் கொஞ்ச நேரம் விட்டு, அதன் மேல் பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது கொட்டகைக்குள் காற்று 21 டிகிரி, தகரம் 17. சொட்டு மட்டும் சங்கடம் இல்லை. கீழே படுத்திருக்கும் கன்றின் உடம்புச் சூடும் அந்தக் குளிர்ந்த தகரத்தை நோக்கிக் கதிராகப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு வைத்தியம் பழையபடி கீற்றுதான். பட்டி வரும் மூலைக்கு மட்டும், தகரத்துக்கு ஓர் அடி கீழே மூங்கில் கட்டி, முடைந்த தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக வேய்ந்தேன். வடிகால் இருக்கும் பக்கம் சரிவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மேலே இருந்து சொட்டுவது கீற்றின் மேல் விழுந்து, ஓரமாக வழிந்து, கால்வாயில் போகும். தகரத்துக்கும் கீற்றுக்கும் நடுவே விட்ட அந்த ஓர் அடியை அடைக்கக் கூடாது. காற்று முகட்டுக்குப் போகும் வழி அது. கட்டி முடித்த பிறகு கீற்றின் அடிப்பக்கத்தை அளந்தால் காற்றின் சூடும் அதன் சூடும் ஏறக்குறைய ஒன்று. சொட்டு அடியோடு நின்றுவிட்டது.

அடுத்து காற்று. இங்கேதான் வீட்டில் பேச்சு வந்தது. பக்கத்து வயல்காரரான சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, நாலு பக்கமும் தார்ப்பாயச் சுத்திக் கட்டிவிட்டா கதகதன்னு கெடக்கும்ல? இதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற?" என்றார்.

"கட்டலாம் சித்தப்பா. உள்ள அடைபடுற மூத்திர நெடி எங்குட்டுப் போகும்?"

"காலையில அவுத்துவிட்டாப் போச்சு."

காலையில் அவிழ்த்துவிடுவதற்குள் ராத்திரி முழுக்க அந்த அம்மோனியாவைக் கன்று தரையோடு தரையாக மூக்கை வைத்துச் சுவாசித்திருக்கும். நாம் நின்றபடி மோந்தால் தெரியாது, மண்டியிட்டு மோந்தால் கண் எரியும். மூச்சுக்குழலின் உள்தோலை அது அரித்துவிட்ட பிறகு சளி பிடிப்பது சுலபம். மூச்சின் ஈரமும் போக வழியில்லாமல் வைக்கோலில்தான் இறங்கும். அடைத்துச் சூடாக்கிய கொட்டகையைவிடத் திறந்து உலர்ந்த கொட்டகை கன்றுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊர் பெரிய வீடுகளின் வளவு, அதாவது நடுமுற்றம் மாதிரி: மேலே வானத்துக்குத் திறந்திருக்கும், மேடையான பட்டாலையில் படுத்திருப்பவர் மேல் காற்று அறையாது.

ஆக, தடுக்க வேண்டியது கன்று படுக்கும் உயரத்தில் வரும் காற்றை மட்டும். அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். ஊதக்காற்று அடிக்கும் ஒரு சாயங்காலம் பட்டி வரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தேன். புகை படுத்தவாறே தெற்கே ஓடியது. எழுந்து நின்று தலைக்கு மேல் பிடித்தால் சோம்பலாக மேலே போகிறது. வடக்குச் சுவர் நாலடி உயரத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் கழுவித் தள்ளுவதற்காக விட்ட வடிகால் துவாரம், கதவுக்கடியில் இருந்த நாலு விரல் சந்து, இந்த இரண்டு வழியாகத்தான் காற்று மொத்தமும் தரையைத் தடவிக்கொண்டு வந்தது.

துவாரத்துக்கு வெளியே பழைய டயர் ரப்பரை மேல்பக்கம் மட்டும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். தண்ணீர் தள்ளினால் திறக்கும், காற்றுக்கு மூடிக்கொள்ளும். கதவுச் சந்துக்கும், பட்டியின் கிழக்கு, வடக்குப் பக்கங்களுக்கும் பலகை. காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடைகளுக்குப் போனால் இடித்த வீட்டுத் தூணும் நிலையும் லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். அதே கடையின் பின்னால் ஆணித்துளையும் கரையான் தடமுமாகக் கிடக்கும் உடைந்த பலகைகளை விறகு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். செல்லரித்த ஓரத்தை அறுத்துவிட்டால் உள்ளே மரம் இரும்பு. தரையிலிருந்து நாலடிக்குப் பலகை, அதற்கு மேல் திறப்பு. தெற்குப் பக்கம் தாய்ப்பசு தெரியும்படி கம்பி அழி. பட்டியின் அளவு ஆறடிக்கு நாலடி. ஒரு கன்றுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

தரைதான் அதிக யோசனை வாங்கியது. சிமெண்ட் தரை பார்க்கக் காய்ந்திருந்தாலும் படுத்திருக்கும் கன்றின் வயிற்றுச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நனைந்திருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். கன்று நாளில் முக்கால்வாசி நேரம் படுத்தேதான் கிடக்கிறது. எனவே படுக்கைதான் அதன் வீடு.

சிமெண்டை உடைத்துச் சரளை போடலாம் என்று முதலில் நினைத்தேன். செம்புறாங்கல் சரளைக்கு இங்கே பஞ்சமில்லை, மூத்திரம் இறங்கிவிடும். ஆனால் ஒரு கன்றுக்குக் கழிச்சல் வந்துவிட்டால் சரளையைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. அடுத்த கன்றுக்கும் அந்த நோய் அங்கேயே காத்திருக்கும். அதனால் சிமெண்டை அப்படியே விட்டு, ஆறடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வரும்படி மேலே ஒரு பூச்சு மட்டும் பூசினேன். அதன் மேல் பழைய செங்கலைப் படுக்கைவாட்டில், விரல் இடைவெளி விட்டு, சரிவின் போக்கிலேயே வரிசையாக அடுக்கினேன். இறங்குவது செங்கல்லுக்கு நடுவே ஓடி வடிகாலுக்குப் போய்விடும். செங்கல் மேல் நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலை, உமி கீழே இறங்கி ஓடையை அடைக்காமல் இருக்க. வலை மேல் நாலு அங்குலத்துக்கு உமி. புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் இருப்பதால் எங்களுக்கு உமி மூட்டை பெரிய செலவில்லை. ஆலையில் கேட்கும்போது அன்றைக்கு அரைத்த, காய்ந்த உமியாகக் கேட்க வேண்டும். வெளியே குவிந்து மழையில் நனைந்ததை ஏற்றிவிட்டால் பூஞ்சணம் பிடித்திருக்கும். உமி ஈரத்தை உறிஞ்சாது, கீழே விட்டுவிடும். அதற்காகத்தான் அது.

சூடு தருவது மேலே போடும் வைக்கோல். ஒன்றரை அடிக்குப் பரப்பினால் அமுங்கி ஓர் அடி நிற்கும். கன்று படுத்து எழுந்த குழியில் அதன் சூடு தங்கும். போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கன்று படுத்திருக்கும்போது கால்களைப் பாருங்கள். கால் முழுக்க வெளியே தெரிந்தால் வைக்கோல் போதாது. பாதி புதைந்திருந்தால் பரவாயில்லை. கால் எங்கே என்றே தெரியாமல் புதைந்து கிடந்தால் அதுதான் சரி. ஈரத்துக்கு இன்னொரு சோதனை: வைக்கோல் மேல் அரை நிமிடம் மண்டி போடுங்கள். எழும்போது வேட்டியில் ஈரம் ஏறியிருந்தால் மேல் வைக்கோலை அள்ளிப் புதிது போடும் நேரம் வந்துவிட்டது. மிஷின் அறுப்பு வைக்கோல் ரோல் நறுங்கிப்போய் இருப்பதால் சீக்கிரம் அமுங்கிவிடுகிறது. கையறுப்பு வைக்கோல் கிடைத்தால் அதைக் கன்றுக்கு ஒதுக்கி வைத்துவிடுவேன். தாளின் குழலிலும் தாளுக்குத் தாள் நடுவிலும் நிற்கும் காற்றுதான் கம்பளி.

கார்த்திகை நடுவில் பசு ஈன்றது. பகலெல்லாம் மழை, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பனிக்குடம் உடைந்து, தலையும் முன்கால்களும் சரியாக வந்துவிட்டதால் இழுக்க வேண்டிய வேலை இல்லை. காளைக்கன்று. மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்துவிட்டு, பசுவின் முகத்துக்கு முன்னால் போட்டோம். அது நக்க ஆரம்பித்தது. தாய் நக்குவது துடைப்பது மட்டுமில்லை, ரத்த ஓட்டத்தையும் மூச்சையும் உசுப்புவது. நக்கவிட்டு, கூடவே அம்மாவும் நானும் கோணிச்சாக்கால் ரோமத்துக்கு எதிர்ப்போக்கில் தேய்த்தோம். முதல் சாக்கு ஊறியதும் தூர எறிந்துவிட்டு அடுத்தது. ஈரச்சாக்கால் தேய்ப்பது வீண். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் ஈரம் ஒளிந்திருக்கும். ரோமம் படிந்து கிடப்பது போய்ப் பூனைக்குட்டி ரோமமாகப் புசுபுசுவென்று எழும்பும் வரை விடவில்லை. தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கியெடுத்தேன்.

டிஜிட்டல் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தபோது 37.9. பிறந்த கன்றுக்கு 38.5-லிருந்து 39.5 வரை இருக்க வேண்டும். 37.8-க்குக் கீழே போனால் குளிர் வாங்கிவிட்டது என்று பொருள். ஓரத்தில்தான் நின்றது. வெப்பமானி இல்லாதவர்கள் கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கலாம். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் முயலவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. 37-க்கும் கீழே இறங்கி எழவே முடியாமல் கிடக்கும் கன்றை 38, 40 டிகிரி வெந்நீரில் கழுத்து வரை அமிழ்த்தி எடுத்து, உடனே முழுக்கத் துவட்ட வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் 1962-க்கு அடித்து நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் கைபொறுக்கும் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றி, கன்றின் விலாவுக்கு இரு பக்கமும் அணைத்து வைத்தேன்.

அடுத்து சீம்பால். அப்பத்தா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தது: "நஞ்சுக்கொடி விழாம மடியில கை வைக்காதடா, கொடி உள்ளயே தங்கிரும்." ஊரில் பாதிப் பேர் இன்னும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கன்று ஊட்டும்போதும் பால் கறக்கும்போதும் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கும், நஞ்சு விழ அது உதவிதான். நஞ்சு விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்றைப் பட்டினி போட்டால், நோய் எதிர்ப்புப் பொருளை உறிஞ்சும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்துகொண்டே போய், ஒரு நாளில் அடியோடு நின்றுவிடும். குளிருக்கும் அதுதான் விறகு. சீம்பாலில் சாதாரணப் பாலைவிடக் கொழுப்பும் புரதமும் அதிகம். அப்பத்தாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "சரி அப்பத்தா" என்று சொல்லிவிட்டு மடியைக் கழுவிக் கறந்தேன்.

கணக்கு என்னவென்றால், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால். கன்றைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தால் 24 கிலோ. ஆக 2.4 லிட்டர். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நிப்பிள் பாட்டிலில் கொடுத்தோம், மீதியை விடிந்து கொடுத்தோம். கறந்த சூட்டிலேயே கொடுக்க வேண்டும். ஆறிப்போயிருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 39 டிகிரிக்குக் கொண்டுவரலாம். அடுப்பில் நேராக வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும். ஆறிய பாலைக் குடித்தால் அதைச் சூடாக்கும் செலவும் கன்றின் தலையில்தான். குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 38.7. பாட்டில்களை எடுத்துவிட்டேன்.

குண்டு பல்பு போடவில்லையா என்று பார்க்க வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 250 வாட் இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்று வாங்கித்தான் வைத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டரை யூனிட், அது பெரிதில்லை. மேலே கீற்று, கீழே வைக்கோல், நடுவில் கொதிக்கும் விளக்கு என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம். மழைத்துளி பட்டாலே கண்ணாடி வெடிக்கும். கன்று துள்ளினாலோ எலி ஒயரைக் கடித்தாலோ கேட்கவே வேண்டாம். நலிந்த கன்று பிறந்தால், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும், இரும்புக்கூண்டு போட்டு, சங்கிலியில், வைக்கோலுக்கு நாலடி மேலே என்பது என் வரையறை. உலர்ந்த கன்றுக்கு நம் குளிரில் அது தேவைப்படுவதில்லை.

சாக்குச் சட்டை தைத்தது பலன் தந்தது. உள்ளே பழைய கம்பளி, வெளியே கோணிச்சாக்கு, நெஞ்சுக்கு ஒரு நாடா, வயிற்றுக்கு ஒன்று. காளைக்கன்றாக இருந்தால் வயிற்று நாடாவை முன்காலை ஒட்டிப் போட வேண்டும். பின்னால் தள்ளிப் போனால் ஒவ்வொரு தடவையும் மூத்திரத்தில் நனைந்து, அந்த ஈரமே தொப்புளில் படும். முன்பக்கமாகப் போட்டால் தொப்புளையும் உரசாது. நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும், கன்று வாரத்துக்கு வாரம் பெருக்கும். ரோமம் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். காலை எட்டு மணிக்கு வெயில் வந்ததும் கழற்றிவிட வேண்டும். நம் பகல் 28, 30 டிகிரிக்குப் போகும்போது சட்டைக்குள் வியர்த்து, சாயங்காலம் அந்த வியர்வையோடு ஊதக்காற்றில் நிற்கும். முதல் இரண்டு வாரம் ராத்திரிக்கு மட்டும் போட்டோம், பிறகு தேவைப்படவில்லை. நடுநடுவே மழை விடாமல் பெய்த நாட்களில் பாலை மட்டும் வேளைக்குக் கால் லிட்டர் கூட்டினேன்.

கூலி இல்லாமல் மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள் அடங்கியது, அதில் பாதி கீற்றுக்கும் மூங்கிலுக்கும். மார்கழி முடியப்போகிறது, கன்றுக்கு இதுவரை மூக்கு ஒழுகவில்லை. மாசி பிறந்ததும் பலகைகளைக் கழற்றி, வைக்கோலையும் உமியையும் எருக்குழிக்குத் தள்ளி, செங்கல்லை வெயிலில் காயப்போட்டு, தரைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதே படுக்கையை விட்டுவைத்தால் அடியில் நொதித்துச் சூடு ஏறி, உண்ணியும் ஈயும் குடியேறிவிடும். மீதம் இருக்கும் வேலை ஒன்று: வடக்குத் தாழ்வாரத் தகரம் குட்டையாக இருப்பதால் சாரல் சுவரைத் தாண்டி உள்ளே ஓர் அடிக்கு விழுகிறது. ரெண்டடி நீட்டி, ஓரத்தில் பிவிசி குழாயைப் பிளந்து பீலியாகக் கட்டினால் போதும் என்று வெல்டிங் தம்பி சொல்கிறான். பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.